ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? வாங்கும் முன் ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் ஒரு பொருளை வாங்குவது பற்றியது. "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்காதீர்கள். சம்பாதிக்கத் தொடங்கும் வயதில் நாம் எடுக்கும் சின்னச் சின்னக் காசு முடிவுகள்தான் பின்னால் பழக்கமாகிவிடுகின்றன. அம்பாங்கில் நடக்கும் நம் ஞாயிற்றுக்கிழமை இளைஞர் வகுப்பில், இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அண்ணே, ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா?"

முதலாவது, கிடங்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி. அவர் பார்த்து வைத்திருந்த வாட்ச் 1,500 வெள்ளி. மாதத் தவணையில் எடுக்கலாம் என்று யோசித்தார். இரண்டாவது, படிவம் 5 படிக்கும் ஒரு தங்கை. கூட்டாளிகள் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் இல்லை என்பது அவர் குறை. மூன்றாவது தம்பி ஏற்கனவே ஒன்றை வாங்கிவிட்டார், அம்மாவுக்காக. அம்மாவுக்கு இனிப்பு நீர். "ஊசி குத்தாமலேயே ரத்தத்துல சீனி எவ்வளவுன்னு காட்டும்" என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து, 89 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அந்தப் பதில்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போனால் என்ன சொல்வார்கள்? இது நடையை எண்ணும், இதயத் துடிப்பைக் காட்டும், தூக்கத்தை அளக்கும், ஆக்சிஜனைப் பார்க்கும். நீளமான பட்டியல். நாமும் "இவ்வளவு செய்யுதே!" என்று வாயைப் பிளப்போம்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது காட்டும் எண்ணைப் பார்த்து நான் என்ன செய்வேன்?"

வீட்டில் தராசு இருக்கிறது என்பதற்காக யாரும் இளைத்துவிடுவதில்லை. தராசு காட்டுவதைப் பார்த்து இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு குறைத்தால்தான் தராசுக்கு வேலை. ஸ்மார்ட்வாட்ச்சும் அதே மாதிரி ஓர் அளவுகோல்தான். எண்ணைப் பார்த்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றால், அது விலை கூடிய கைக்கடிகாரம். அழகுக்காகக் கட்டலாம், தப்பில்லை. ஆனால் "உடல்நலத்துக்காக வாங்கினேன்" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

2. இது எப்படி அளக்கிறது?

வாட்ச்சைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பச்சை வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடிக் குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை ஓர் உணரி பிடித்து, நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று கணக்குப் போடுகிறது. ஆக்சிஜனை அளக்கச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. நடையை எண்ணுவது வேறொரு சில்லு. கை ஆடுவதை வைத்து அது காலடியை ஊகிக்கிறது. சப்பாத்தி மாவு பிசைந்தாலும் சில வாட்ச்சுகள் நடந்ததாக எண்ணுவது அதனால்தான்.

இதிலிருந்து மூன்று விஷயம் புரிய வேண்டும்.

ஒன்று, உட்கார்ந்திருக்கும்போது இதயத் துடிப்பு ஓரளவு சரியாக வரும். பட்டை தளர்வாக இருந்தாலோ, கையை வேகமாக ஆட்டினாலோ, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு தடுமாறும்.

இரண்டு, தோல் நிறமும் ஒளியைப் பாதிக்கும். 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியையே சோதித்தார்கள். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் கட்டும் வாட்ச் காட்டும் 97, 98 என்ற எண்ணை மட்டும் நம்பி, மூச்சுத் திணறும் ஒருவரை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

மூன்று, வாட்ச் நேரடியாக அளப்பது கொஞ்சம். அதை வைத்து ஊகிப்பது நிறைய. "தூக்க மதிப்பெண் 72", "மன அழுத்தம் 40" என்பவை எல்லாம் ஊகக் கணக்கு. அந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைத் தொலைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு புதுப் பெயர் வைக்கும் அளவுக்கு அது போயிருக்கிறது.

3. வாட்ச் கட்டினால் உடம்பு இளைக்குமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. உடல் எடை கூடிய இளைஞர்கள் சுமார் 470 பேர், வயது 18 முதல் 35 வரை. அதாவது உங்கள் வயதும் உங்கள் அண்ணன் அக்கா வயதும். எல்லாருக்கும் முதல் ஆறு மாதம் ஒரே மாதிரி உணவு ஆலோசனை, உடற்பயிற்சி. பிறகு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தன் உடற்பயிற்சியைத் தானே குறித்து வைத்தது. மற்றக் குழுவுக்கு உடலில் அணியும் அளவுக் கருவி கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கருவி இல்லாத குழு சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தது. கருவி அணிந்த குழு 3.5 கிலோதான். கருவி அணிந்தவர்கள் தோற்றார்கள்!

இதனால் கருவி கெட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கருவி இன்றைய வாட்ச் இல்லை. நடையைக் கூட்ட இப்படிப்பட்ட கருவிகள் உதவுவதாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் "வாங்கினால் போதும், உடம்பு தானா மாறும்" என்ற எண்ணத்தை இந்த ஆய்வு உடைக்கிறது. தானே குறித்து வைத்தவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

அடுத்து, எல்லா வாட்ச்சும் சொல்லும் அந்த 10,000 காலடிக் கணக்கு. எந்த டாக்டரும் உட்கார்ந்து கண்டுபிடித்த எண் இல்லை அது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயருக்கே ஜப்பானிய மொழியில் "பத்தாயிரம் காலடி அளவி" என்றுதான் பொருள். விற்பனைக்கு வைத்த பெயர், உலகம் முழுக்க விதியாகிவிட்டது. பிறகு 2022-இல், 15 ஆய்வுகளில் இருந்த 47,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாளுக்கு 6,000 முதல் 8,000 காலடி வரையிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் நன்மை கூடிக்கொண்டே போய், பிறகு ஒரே அளவில் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. ஆக, பாட்டி 6,500 நடந்துவிட்டு "இன்னும் 10,000 ஆகலையே" என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே காலடியை எண்ணும். அதற்குத் தனிக் காசு இல்லை.

4. சீனியை அளக்கும் வாட்ச்: கவனம்!

இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்றால், அது இந்தப் பகுதிதான்.

நம் சமூகத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் அளவு 15.6 விழுக்காடு, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம்மில் யார் வீட்டில் மாத்திரை டப்பா இல்லை, சொல்லுங்கள்?

மூன்றாவதாகச் சொன்ன தம்பி அந்த 89 வெள்ளி வாட்ச்சை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அம்மாவும் வந்திருந்தார். விசாரித்தால், வாட்ச் தினமும் 5.6, 5.7 என்றே காட்டியிருக்கிறது. "சீனி இறங்கிடுச்சு" என்ற சந்தோஷத்தில், இரண்டு வாரமாகக் காலை மாத்திரையில் பாதியைத்தான் அம்மா சாப்பிட்டிருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. கருவியே சொல்கிறதே!

அடுத்த ஞாயிறு ஒரு சோதனை வைத்தோம். அம்மா வெறும் வயிற்றில் வந்தார். விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் 9.8. வாட்ச்சில் 5.6. பிறகு நாசி லெமாக்கும் தே தாரிக்கும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். குளுக்கோமீட்டரில் 14.2. வாட்ச்சில் 5.7. கடைசியாக ஒரு தம்பி விளையாட்டாக வாட்ச்சைக் கழற்றி, சுருட்டிய துண்டில் கட்டினார். துண்டுக்கும் சீனி 5.5!

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன், போனார்கள். டாக்டர் மாத்திரையைப் பழையபடி முழுசாகச் சாப்பிடச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

இது ஒரு கடையின் கோளாறு மட்டுமில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே பொது எச்சரிக்கை விட்டது: தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சீனியை அளக்கும் என்று சொல்லும் எந்த வாட்ச்சையும் மோதிரத்தையும் பயன்படுத்த வேண்டாம், அப்படி எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று. தப்பான எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம், கோமா, உயிராபத்து வரை போகலாம். குறைத்தால் சீனி ஏறி, கண், சிறுநீரகம், கால் என்று மெதுவாகத் தின்னும்.

ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் ஒட்டும் சென்சார் பட்டை ஒன்று உண்டு. அதில் மெல்லிய இழை தோலுக்குள் போயிருக்கும். அது உண்மையாகவே சீனியை அளக்கும். அந்தப் பட்டை அனுப்பும் எண்ணை வாட்ச்சில் பார்க்கலாம். அங்கே அளப்பது பட்டை, வாட்ச் வெறும் திரை. வாட்ச் தானே அளக்கிறது என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்.

அம்மா அப்பாவுக்குப் பரிசு கொடுக்க ஆசையா? ஏறக்குறைய அதே காசுக்கு மருந்துக் கடையில் குளுக்கோமீட்டர் கிடைக்கும். அதோடு கீற்று அட்டைகளும் வாங்கிக் கொடுங்கள். கிளினிக்குக் கூட்டிப் போக ஒரு நாள் லீவு எடுங்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான்.

ரத்தக் கொதிப்பும் இதே மாதிரிதான். சில நிறுவன வாட்ச்சுகள் காட்டும். ஆனால் சாம்சுங் வாட்ச்சில்கூட, கையில் சுற்றிக் காற்றடிக்கும் சாதாரணக் கருவியோடு ஒப்பிட்டு 28 நாளுக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டும். எப்படியும் அந்தக் கருவி வேண்டுமென்றால், முதலில் அதையே வாங்கலாமே?

5. இதயத்தைப் பார்ப்பது எவ்வளவு பயன்?

வாட்ச் உண்மையில் நன்றாகச் செய்யும் வேலையும் உண்டு. இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஒரு நோய் இருக்கிறது. அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். 2019-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிள் வாட்ச் கட்டிய 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் தாளம் தப்புவதாக எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 விழுக்காடு. எச்சரிக்கை வந்தபின் நெஞ்சில் பட்டை ஒட்டிச் சோதித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் அந்த நோய் தென்பட்டது. அது வந்து வந்து போகும் நோய் என்பதால் சோதனை நேரத்தில் சிலரிடம் தென்படாமலும் போகலாம்.

ஆனால் வயதைக் கவனியுங்கள். 40 வயதுக்குக் கீழே எச்சரிக்கை வந்தவர்கள் 0.16 விழுக்காடு. அதாவது 10,000 பேரில் 16 பேர். இருபது வயதுத் தம்பிக்கு இது வாங்கக் காரணமாகாது. எழுபது வயதுத் தாத்தாவுக்கு, டாக்டரும் சொன்னால், காரணமாகலாம். தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் தானே பிள்ளைக்கு அழைக்கும் வசதியும் சில வாட்ச்சுகளில் உண்டு. பிளாட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பாட்டிக்கு அது பெரிய துணை.

6. காசுக் கணக்கு

இப்போ கிடங்குத் தம்பியிடம் வருவோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் போனால் கைக்கு வருவது சுமார் 1,500. அவர் ஆசைப்பட்ட வாட்ச்சும் 1,500. ஒரு மாதம் முழுக்கச் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், வீட்டுக்குக் காசு கொடுக்காமல் இருந்தால் வாங்கலாம்!

விலையை வெள்ளியில் பார்க்காமல் உழைப்பு நேரத்தில் பாருங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் 8 வெள்ளி 72 காசு. 1,500 வெள்ளி வாட்ச் என்றால் 172 மணி நேர உழைப்பு, அதாவது ஏறக்குறைய நான்கு வாரம். 200 வெள்ளி வாட்ச் என்றால் 23 மணி நேரம், மூன்று நாள். "மூன்று நாள் பெட்டி தூக்கியது இதற்குத் தகுமா?" என்று கேட்டால் மனசே பதில் சொல்லிவிடும்.

தவணை கதை வேறு. மாதம் 1.5 விழுக்காடு கட்டணம், முழுத் தொகைக்கும், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வெள்ளி 50 காசு. ஒரு வருடத்துக்கு 270 வெள்ளி. 1,500 வெள்ளி வாட்ச் 1,770 வெள்ளி ஆகிவிட்டது. "மாசம் 147 வெள்ளி 50 காசுதானே" என்று காதில் சொல்வார்கள். அந்தத் "தானே"தான் ஆபத்து. கைப்பேசிக்கு ஒரு "தானே", மோட்டாருக்கு ஒரு "தானே", காலணிக்கு ஒரு "தானே" என்று நாலு சேர்ந்தால் சம்பளம் வந்த அன்றே கரைந்துவிடும். வரவு சிறியதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவு அதைத் தாண்டிப் பெருகாமல் இருந்தால் போதும் என்பது வள்ளுவர் நமக்குச் சொன்ன கணக்கு.

ஏற்கனவே தவணைகளில் மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக வழி காட்டும்.

7. வாங்கியபின் வரும் செலவும் தொல்லையும்

பேட்டரி: லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுசாகச் சார்ஜ் ஆனபின் வலுவிழக்கும். தினமும் சார்ஜ் கேட்கும் வாட்ச் வருடத்துக்கு 365 தடவையைத் தாண்டும். வாரம் ஒரு தடவை போதும் என்றால் 52 தடவைதான். பேட்டரி மாற்றுவதும் சாதாரணக் கைக்கடிகாரம் மாதிரி பத்து நிமிட வேலை இல்லை.

கம்பெனி மூடினால்: பெபல் என்று ஒரு வாட்ச் இருந்தது. 2012-இல் பொதுமக்களிடமே 1 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கினார்கள். 2016 டிசம்பரில் மூடிவிட்டார்கள். 2018-இல் அதன் இணையச் சேவையும் நின்றது. கையில் இருந்த நல்ல வாட்ச்சுகள் பாதி வேலையை இழந்தன. அப்பாவின் பழைய சாவிக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது, கவனித்தீர்களா?

பாதை ரகசியம்: ஓட்டப் பாதையைப் பதிவு செய்து வெளியே பகிரும்போது, நம் வீட்டு வாசலையும் பகிர்கிறோம். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களே தெரிவது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தங்கைகளே, தொடங்கும் இடமும் முடியும் இடமும் மறைந்திருக்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

மோட்டார்: எம்.ஆர்.ஆர்.2 சாலையில் மோட்டார் ஓட்டும்போது மணிக்கட்டு அதிர்ந்தால் கண் தானாக அங்கே போகும். லாரி அதற்குள் முன்னால் வந்துவிடும். ஓட்டும்போது அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.

8. அப்படியானால் யாருக்கு வேண்டும்?

வாங்குவதில் நியாயம் உள்ளவர்கள்: வாரம் மூன்று நாலு நாள் ஏற்கனவே ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், நீந்துபவர்கள். டாக்டர் இதயத் துடிப்பைக் கவனிக்கச் சொன்னவர்கள். தனியாக இருக்கும் முதியவர்கள். வேலையில் கைப்பேசியை எடுக்க முடியாமல், வீட்டு அழைப்பை மட்டும் தவறவிடக் கூடாதவர்கள்.

காத்திருக்க வேண்டியவர்கள்: "வாங்கினால் நடப்பேன்" என்பவர்கள். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்பவர்கள். கூட்டாளி கட்டியிருக்கிறான் என்பதற்காகக் கேட்பவர்கள்.

படிவம் 5 தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்குள் ஸ்மார்ட்வாட்ச் கொண்டுபோக முடியாது. நேரம் பார்க்க உனக்கு இப்போது வேண்டியது முள் ஓடும் ஒரு சாதாரணக் கடிகாரம்மா. தேர்வு முடியட்டும், அப்போதும் ஆசை இருந்தால் பேசுவோம். முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம், "சரிண்ணே, அம்மா வாட்சையே கட்டிக்கிறேன்" என்றார்.

9. முப்பது நாள் சோதனை

கிடங்குத் தம்பிக்குக் கொடுத்த பயிற்சியை உங்களுக்கும் தருகிறேன். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்.

அ) கைப்பேசியில் காலடி எண்ணியை இயக்குங்கள். முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல், தினமும் இரவு எண்ணை எழுதுங்கள். அதுதான் உங்கள் உண்மையான நிலை.

ஆ) இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு 1,500 காலடி கூட்டுங்கள். எல்.ஆர்.டி.யில் வேலைக்குப் போகிறவர் பாண்டான் இண்டாவுக்குப் பதில் ஒரு நிலையம் முன்னால் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு புக்கிட் சாகா ஏறலாம். பத்துமலைக்குப் போனால் 272 படி காத்திருக்கிறது, தைப்பூசத்துக்கு மட்டும்தான் ஏற வேண்டும் என்று இல்லை.

இ) எண்ணைப் பார்த்து அன்று என்ன மாற்றினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். இதுதான் முக்கியம்.

ஈ) வாட்ச்சுக்கு என்று மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

முப்பதாம் நாள் நோட்டைத் திறங்கள். 20 நாளுக்கு மேல் எழுதியிருந்தால், வாட்ச் உங்களுக்கு உதவலாம். ஐந்து நாளோடு நின்றிருந்தால், 1,500 வெள்ளி வாட்ச்சும் மேசை இழுப்பறையில்தான் தூங்கும்.

தம்பி 23 நாள் எழுதினார். மூன்று மாதம் காசு சேர்த்து, 230 வெள்ளிக்கு, வாரம் ஒரு தடவை சார்ஜ் போடும் சாதாரண வாட்ச் ஒன்றை ரொக்கமாக வாங்கினார். கடன் இல்லை. சனிக்கிழமை காலை இன்னும் ஓடுகிறார். "அந்த 1,500 வெள்ளி வாட்ச்?" என்று கேட்டேன். "வேணாம்லா அண்ணே, இதுவே எனக்குக் கூட" என்று சிரித்தார்.

10. வாங்க முடிவு செய்தால்

• உங்கள் கைப்பேசியோடு சேருமா? ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும். 2021-க்குப் பின் வந்த சாம்சுங் வாட்ச்சுகள் ஐபோனோடு சேராது.
• மலேசிய உத்தரவாதம் உண்டா, எத்தனை மாதம்? ரசீதைப் படம் பிடித்து வையுங்கள்.
• சிரிம் சான்று முத்திரை இருக்கிறதா?
• மாதக் கட்டணம் கட்டினால்தான் திறக்கும் வசதிகள் எவை?
• பட்டை சாதாரணமாகக் கிடைக்குமா? நம் ஊர் வேர்வைக்கு ரப்பர் பட்டை சீக்கிரம் அரிப்பு கொடுக்கும். தினமும் கழற்றிக் கழுவித் துடையுங்கள்.
• சீனி அளக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏமாற்றப்பட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

வகுப்பில் கலந்து பேச

1. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் வாங்கியவற்றில், வாரம் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதது எது? அதற்கு எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள்?
2. உங்கள் வீட்டில் சீனி, ரத்தக் கொதிப்பு உள்ளவர் யார்? கடைசியாக எப்போது கிளினிக்குப் போனார்? இந்த வாரமே கேட்டு வாருங்கள்.
3. நண்பனிடம் இருக்கிறது என்பதற்காக வந்த ஆசையையும், தேவையால் வந்த ஆசையையும் எப்படிப் பிரித்து அறிவீர்கள்?

வீட்டுப் பயிற்சி: முப்பது நாள் நோட்டை இன்று இரவே தொடங்குங்கள். அடுத்த மாத வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அதோடு, வீட்டில் சீனி அளக்கும் வாட்ச் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சுருட்டிய துண்டு நான் கொண்டு வருகிறேன்.